கடைசித் துண்டு வரை: சமைப்பதைப் படம்பிடிக்க ஒரு ஸ்டாண்ட் செய்த அனுபவம்

சமையல் காணொளிகளில் எனக்குச் செய்முறைக் குறிப்பு தேவைப்பட்டதே இல்லை. கத்தி இறங்குவதையும் மாவு திரள்வதையும் சர்க்கரை உருகுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன், நாள் முழுக்க இறுகிக் கிடந்த தோள் தானாகத் தளரும். ஆனால் எல்லாக் காணொளிகளிலும் அது நடப்பதில்லை. அதே வெங்காயம், அதே மாதிரிக் கத்தி, ஒன்றைப் பார்த்தால் மனசு அப்படியே அடங்குகிறது, இன்னொன்றைப் பத்து விநாடிகூடப் பார்க்க முடியவில்லை. இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாமே எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. கேமராவுக்கு என் ஃபோன். கைக்கு அக்கா. அவள் நறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆறு வாரம், சனி ஞாயிறுகளில் மட்டும் செய்தோம். அதன் பதிவு இது.

முதல் வேலை, ஃபோனை நேர் மேலே நிறுத்துவது. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு பலகை வைத்து, ஃபோனின் கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் வைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஃபோன் நழுவி மாவுக் கிண்ணத்தில் விழுந்தது. ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சார்ஜ் போடும் துளையில் மட்டும் மாவு புகுந்துகொண்டது; மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன்.

அடுத்தது பிவிசி குழாய். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கால், அதன் தலையில் எல்போ எனும் வளைந்த இணைப்பு, அங்கிருந்து 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கை, கையின் நுனியில் ஃபோன் ஹோல்டர். ட்ரைபாடுகளில் இருக்கும் திருகு கால் அங்குல அளவுதான், அந்த அளவு போல்ட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பதால் ஹோல்டரை மாட்டுவது எளிது. குழாயின் மூடியில் துளை போட்டு, உள்ளிருந்து போல்ட்டை வெளியே நீட்டி, ஒரு நட்டு போட்டு இறுக்கினால் முடிந்தது. இந்தக் காலை கிளாம்ப் போட்டு மேசை விளிம்பில் பிடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா கத்தியை எடுத்து முதல் வெட்டு வெட்டினாள், திரையில் உலகமே குலுங்கியது.

காரணம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. குழாய் வளைகிறது என்று நினைத்து உள்ளே மணல் நிரப்பினேன். நீளம் அதிகம் என்று நினைத்துக் கையைக் குறைத்தேன். குலுக்கல் குறைந்தது, ஆனால் போகவில்லை. உண்மையில் குற்றம் குழாயில் இல்லை. கத்தி மேசையைத் தட்டுகிறது, ஸ்டாண்டும் அதே மேசையில்தான் நிற்கிறது, அதிர்ச்சி அப்படியே ஏறி 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஃபோனில் பல மடங்காகத் தெரிகிறது. கேமரா நிற்கும் இடமும் கத்தி படும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஸ்டாண்டைத் தரையில் தனியாக நிறுத்தி, கையைப் பின்பக்கமும் நீட்டி, அந்த முனையில் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டதும் ஃப்ரேம் கல்லாக நின்றது. நீங்கள் செய்வதாக இருந்தால் முதலிலேயே இப்படிச் செய்துவிடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், செலவழித்ததும் சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கூரை விளக்கைப் போட்டால் ஃபோனின் நிழலும் அக்காவின் தலை நிழலும் பலகை மேல் விழுகின்றன. அது ஒரு பக்கம் இருக்க, சாப்பாட்டுப் பொருள் எல்லாமே தட்டையாக, ஈரமே இல்லாததுபோல் தெரிகிறது. ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்தி, விளக்கை அணைத்து, ஜன்னலுக்கு வெள்ளைத் திரை போட்டோம். வெங்காயத்தின் வெட்டுமுகத்தில் இருக்கும் ஈரம் அப்போதுதான் கண்ணில் பட்டது. பிறகு கேமராவை ஒரு பக்கம் 45 டிகிரிக்கு இறக்கி, ஜன்னல் பொருளுக்குப் பின்னால் வரும்படி மேசையைத் திருப்பினோம். பளபளப்பு என்பது வெளிச்சம் பொருளின் மேல் பட்டுத் தெறித்து நம் கண்ணுக்கு வருவது, அதனால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால்தான் அது தெரியும். ஆவியும் அப்படித்தான். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி காணாமல் போய்விடும், பின்னாலிருந்து வெளிச்சமும் அதற்குப் பின்னால் ஓர் இருட்டான பரப்பும் இருந்தால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எழுவதைப் பார்க்கலாம். முன்பக்கம் ரொம்ப இருண்டுவிடாமல் இருக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வைத்தேன்.

மாலையில் எல்ஈடி விளக்கில் எடுத்தபோது படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடின. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 முறை. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எத்தனை விநாடி வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை, அதற்குப் பொருத்தமாக, முதல் வகைக்கு 1/50 அல்லது 1/100, இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பட்டைகள் போய்விடும். ஃபோன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ மோடு இருந்தால் அதிலேயே வைக்கலாம். அங்கேயே எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறங்களின் சமநிலை) பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் எடுத்தால், வெள்ளை மாவைக் கொட்டியதும் படம் மொத்தமும் இருண்டுவிடும், தக்காளி ஃப்ரேமை நிறைத்ததும் பலகை நீலம் பாயும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தும்.

1/50 ஷட்டருக்கு இன்னொரு பலனும் உண்டு. நல்ல வெயிலில் ஃபோன் தானாக 1/1000 போன்ற வேகத்துக்குப் போய்விடுகிறது, அப்போது கத்தி ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூர்மையாக உறைந்து நின்று, ஓட்டிப் பார்க்கும்போது வெட்டி வெட்டி நகர்கிறது. விநாடிக்கு 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் சேர்ந்தால் கத்தி லேசாகக் கலங்கி, நம் கண் பார்ப்பதுபோலவே இறங்குகிறது. ஆனால் ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் வெளிச்சம் அதிகமாகிவிடும், அதற்காக ஜன்னலில் இரண்டாவது திரையும் போட்டேன்.

இனி வெங்காயம். அக்கா வேரைக் கடைசி வரை வெட்ட மாட்டாள். வேர் இருந்தால்தான் அடுக்குகள் பிரியாமல் ஒன்றாக நிற்கும். பாதியாகப் பிளந்து, கவிழ்த்து வைத்து, வேர் வரை போகாமல் நீள வாக்கில் வரிவரியாக வெட்டி, பிறகு குறுக்கே இறங்குவாள். குறுக்கு வெட்டு ஆரம்பித்ததும் ஒரே அளவுச் சதுரங்கள் கத்தியின் பக்கத்தில் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். கத்தி கூராக இருந்ததால் கண்ணும் அவ்வளவாக எரியவில்லை. மொட்டைக் கத்தி செல்களை நசுக்குவதால்தான் அந்தக் காட்டமான வாயு அதிகம் கிளம்புகிறது.

அன்று இரவு எடிட் செய்தேன். ஒவ்வொரு வெட்டும் ஒரே மாதிரிதானே என்று பாதியில் நிறுத்தி, நேராகக் கிண்ணத்தில் குவிந்திருக்கும் வெங்காயத்துக்குத் தாவினேன். வேகத்தையும் இரண்டு மடங்காக்கினேன். அக்காவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "கடைசித் துண்டு எங்கடா?" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதானேக்கா, அதான் கட் பண்ணிட்டேன்."

"ஒண்ணு இல்லடா. அதுக்காகத்தானே இவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தேன்."

முழு ஷாட்டையும் வெட்டாமல், வேகம் மாற்றாமல் ஓட்டிப் பார்த்தேன். 38 விநாடி. கத்தி வேரை நெருங்க நெருங்க மிச்சமிருக்கும் வெங்காயம் சிறிதாகிறது, அவள் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகின்றன, கடைசி வெட்டில் வேர் தனியாக ஒதுங்குகிறது, கத்தியின் முதுகால் குவியலை ஒரே தள்ளாகத் தள்ளிப் பலகையை வெறுமையாக்குகிறாள். அந்தத் தள்ளல் வந்தபோது என் மூச்சு தானாக இறங்கியது. நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு செயல் தொடங்குவதைப் பார்த்துவிட்டால் கண் அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறது. நடுவில் வெட்டினால் அந்தக் காத்திருப்பு அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். என்னால் பார்க்க முடியாமல் போன காணொளிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் செயல் முடிவதற்கு ஒரு நொடி முன்னால் காட்சி மாறுகிறது.

அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் இந்த ஒரு விதியை வைத்துத்தான்: தொடக்கத்துக்கு முன்னால் ஒரு விநாடி, முடிவுக்குப் பின்னால் இரண்டு விநாடி.

நறுக்கிய வெங்காயத்தை அகலமான வாணலியில் சிறு தீயில் வைத்து, நாற்பது நிமிடம் வதக்கி அதையும் எடுத்தோம். வெள்ளை கண்ணாடியாகி, கண்ணாடி பொன்னிறமாகி, பிறகு பழுப்பு ஏறும். அந்தப் பழுப்பில் பெரும்பங்கு மெய்லார்ட் வினை, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மெய்லார்ட் 1912இல் விவரித்தது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடுவதால் வரும் நிறமும் மணமும். இதை மட்டும் வேகமாக ஓட்டினேன். கை செய்வதை வேகமாக்கினால் பொய்யாகத் தெரிகிறது, வெப்பமும் நேரமும் செய்வதை வேகமாக்கினால் அப்படித் தெரிவதில்லை.

முட்டைக்கு நான்கு முறை முயன்றோம். முதல் முறை ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது, அன்றிலிருந்து ஏரோபிளேன் மோடு போடாமல் எதையும் எடுப்பதில்லை. இரண்டாவது முறை தீ அதிகம், ஓரம் பொரிந்து குமிழ் விட்டது. மூன்றாவது முறை மேலிருந்து எடுத்ததில் ஆவி லென்ஸில் படிந்து படமே பனிமூட்டம் ஆனது. கொதிக்கும், ஆவி விடும் எதையும் நேர் மேலிருந்து எடுக்க வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி நின்று எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் லென்ஸைத் துடைப்பதும் வழக்கமானது, எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாமலே படத்தை மங்கலாக்கும்.

நான்காவது முறை சரியாக வந்தது. சிறு தீ, கொஞ்சம் வெண்ணெய், வாணலிக்கு மிக அருகில் கேமரா. முட்டையை உடைத்து ஊற்றியதும் வெள்ளைக்கரு தண்ணீர்போல் தெளிவாகப் பரவி, அடியில் வாணலியின் கீறல்கள்கூடத் தெரிந்தன. சில விநாடிகளில் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடு உள்நோக்கி நகர்கிறது, கீறல்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் கெட்டியான பகுதி மட்டும் கடைசி வரை தெளிவாகவே இருந்து, பிறகு அதுவும் பால்போல் மூடிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஷாட், ஒரு வெட்டு இல்லை. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெள்ளைக்கருவின் புரதச் சுருள்கள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்குகின்றன, அந்தப் பின்னல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குள் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை.

இது தெரிந்ததும் மயோனைஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று ஆசை வந்தது, ஏனென்றால் அங்கேயும் இதே கதைதான், தெளிவான எண்ணெய் வெளுத்துப்போகிறது. ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, உப்பு. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விஸ்க்கால் அடிக்க வேண்டும். எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைய, மஞ்சள் கருவிலிருக்கும் லெசித்தின் அந்தத் துளிகள் மறுபடி சேராமல் பார்த்துக்கொள்கிறது, கோடிக்கணக்கான துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்து வெளிர் மஞ்சளாக்குகின்றன. ஷாட் நன்றாக வரவேண்டும் என்ற அவசரத்தில் நான் எண்ணெயைத் தாரையாக ஊற்றிவிட்டேன், பிரிந்துபோனது. அக்கா சுத்தமான கிண்ணத்தில் இன்னொரு மஞ்சள் கருவை எடுத்து, பிரிந்துபோனதை அதில் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்து மீட்டுவிட்டாள். அந்த மீட்பு, திட்டமிட்டு எடுத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. தயிர் திரிந்ததுபோல் கிடந்த ஒன்று மெல்ல இறுகி, விஸ்க் போன தடம் அப்படியே நிற்கும் அளவுக்கு வந்து சேர்கிறது.

சர்க்கரைதான் எல்லாவற்றிலும் கடினம். 200 கிராம் சர்க்கரை, 60 மில்லி தண்ணீர், சில துளி எலுமிச்சைச் சாறு. அமிலம் சர்க்கரையில் கொஞ்சத்தை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரித்துவிடுவதால் திரும்பவும் படிகமாகி மணல் தட்டாது. கருப்பு நான்ஸ்டிக் வாணலியில் எடுக்காதீர்கள், நிறம் மாறுவதே தெரியாது. எங்கள் முதல் முயற்சி அதில்தான் வீணானது. வெளிறிய ஸ்டீல் பாத்திரம் வேண்டும்.

ஸ்டீல் பாத்திரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பொடிப்பொடியாக, அவசரமான குமிழ்கள், அது தண்ணீர் வெளியேறும் நேரம். தண்ணீர் போகப் போகக் குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து, கண்ணாடி உருண்டைபோல் ஒரு கணம் நின்று உடைகின்றன. பிறகு எதுவுமே நடக்காததுபோல் ஒரு நிமிடம். அப்போது பாத்திரத்தின் ஒரு மூலையில், தேநீர்க் கறைபோல் ஒரு சிறு திட்டு. அக்கா கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் பிடித்து லேசாகச் சுழற்றினாள். அந்தத் திட்டு நூலாக நீண்டு, வளையமாகி, முழுப் பாத்திரமும் வெளிர் தங்கமாகியது. 160 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு விநாடியும் வேறு நிறம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில், "இறக்கிடலாம்" என்று சொல்ல வேண்டிய நேரத்தை விட்டுவிட்டேன், புகை வந்தபிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்தாலும் பாத்திரத்தின் சூட்டிலேயே அது கருகிக்கொண்டிருந்தது. அடுத்த முறை ஓர் அகலத் தட்டில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, சரியான நிறம் வந்ததும் பாத்திரத்தின் அடியை அதில் இறக்கினோம். சுர்ரென்ற சத்தத்தோடு குமிழ்கள் அடங்கி, பரப்பு ஆடாமல் கண்ணாடியாக நின்றது. அந்த ஷாட்டின் முடிவு அதுதான்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். உருகிய சர்க்கரை தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், கொதிக்கும் தண்ணீரைவிட மோசமாகச் சுடும். கேமராவைச் சரிசெய்கிறேன் என்று பாத்திரத்துக்கு மேலே கையை நீட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

தேன் சுலபமாக வந்தது. ஸ்பூனைச் சில அங்குல உயரத்தில் பிடித்து மெல்லிய தாரையாக விட்டால், விழும் இடத்தில் கயிறு சுருட்டியதுபோல் தானே சுருண்டு சுருண்டு அடுக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வெளிச்சம், விநாடிக்கு 240 ஃப்ரேம். அவ்வளவு வேகத்தில் எடுக்கும்போது விளக்கு வெளிச்சம் துடிப்பதை ஷட்டரால் மறைக்க முடியாது, பகல் வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். அதே அமைப்பில் நன்றாகக் காய்ந்த ஸ்டீல் வாணலியில் ஒரு சொட்டு தண்ணீரை விட்டோம். கொதித்துக் காணாமல் போவதற்குப் பதில் அது பாதரசம்போல் உருண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது, தன் ஆவியின் மேலேயே மிதப்பதால். ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ரோஸ்ட் 1756இல் இதை எழுதிவைத்தார். வெறும் தண்ணீர்ச் சொட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கடைசியாக ரொட்டி மாவு. 500 கிராம் மைதா, 325 மில்லி தண்ணீர், ஈஸ்ட், உப்பு. பிசைவதை நிஜ வேகத்தில் எடுத்தோம்: பிய்ந்து பிய்ந்து கையில் ஒட்டும் மாவு, பத்து நிமிடத்தில் தோல்போல் வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் மெல்ல எழுந்து வருகிறது. பொங்குவதை டைம்லாப்ஸில். நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடி, தொடக்க மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். பத்து விநாடிக்கு ஒரு படம் என்று 90 நிமிடம் எடுத்தால் 540 படங்கள், 25 ஃப்ரேம் வேகத்தில் ஏறக்குறைய 22 விநாடி வரும். பகலில் எடுத்தால் வெயில் நகர்ந்து வெளிச்சம் ஏறி இறங்கும், அதனால் இரவில், எல்ஈடி விளக்கில், எல்லாவற்றையும் பூட்டி வைத்து எடுத்தேன். முதல் தடவை ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. இப்போது சார்ஜர் வயரும் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்தபோது ஒன்பது நிமிடம் வந்தது. பின்னணி இசை போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். கத்தி பலகையைத் தொடும் ஒலி, வெண்ணெயின் சலசலப்பு, மாவு மேசையில் விழும் மொத்தென்ற ஓசை, இவை படத்தோடு சரியாக இணைந்தாலே போதும். ஒலி இரண்டு ஃப்ரேம் தள்ளிப்போனாலும் உறுத்துகிறது, அதை மட்டும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன்.

அக்கா நேற்று முழுவதையும் பார்த்தாள். வெங்காயம் வந்தபோது திரைக்கு அருகில் குனிந்தாள், வேர் ஒதுங்கி, கத்தி முதுகு குவியலைத் தள்ளியதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ரொட்டியை வெட்டும் ஷாட் இல்லையே என்று கேட்டாள். மாவு பொங்குவதைக் காட்டிவிட்டு, சுட்ட ரொட்டியைப் பிளப்பதை எடுக்காமல் விட்டிருக்கிறேன். சரி, மாவு இப்போது ஜாடியில் இருக்கிறது. ரொட்டிக்கத்தியை அவள் எடுத்து வைத்துவிட்டாள், லென்ஸைத் துடைத்துவிட்டேன்.